வேலத்தில் ஏற்றிய அகல் விளக்கு
(டாக்டர் மு.வ. அவர்களின் எழுத்து வாழ்க்கை)

முன்னுரை

பாலாற்றங்கரையின் பெருமை பேசுவோர் தோல் தொழிலைப் பேசுவர், வணிகத்தைப் பேசுவர், வள்ளல்கள் நிறுவிய கல்விக் கூடங்களைப் பேசுவர். இம்மண் தமிழுக்குத் தந்த எழுத்தாளர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நெமிலியிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில், வாலாசாப்பேட்டையை அடுத்துள்ள வேலம் என்னும் சிற்றூரைத் தம் சொந்த ஊராகக் கொண்ட ஒருவர், இருபதாம் நூற்றாண்டில் தமிழ் நாட்டின் வீடுதோறும் படிக்கப்பெற்றார் என்பதை நம் மாணவர்களுள் பலர் அறியார். அவரே டாக்டர் மு. வரதராசனார். மு.வ. என்னும் இரண்டு எழுத்துகளால் அறியப்பெற்ற அப்பெருமகனாரின் எழுத்து வாழ்க்கையை இக்கட்டுரை சுருக்கமாகக் கூற முற்படுகிறது.

இதனை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் நெமிலியில் எழுத்தார்வம் உடைய ஏழெட்டுப் பேர் ஞாயிறு மாலைகளில் ஓரிடத்தில் கூடுவது வழக்கம். பள்ளி ஆசிரியர், மளிகைக் கடைக்காரர், தையற்காரர், அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் எனப் பலரும் வருவர். எழுதியதைப் படிப்பர், பிறர் கேட்பர், தேநீருடன் கலைவர். அவர்களுள் முதியவர் ஒருவர். தோல் பதனிடும் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதியவர். கணக்குப் பேரேட்டின் மிகுந்த தாள்களிலேயே கதைகளும் எழுதி வந்தவர். சென்ற ஆண்டு ஒரு நாள், தம் குறிப்பேடுகளைப் பழைய தாள் கடைக்குப் போட்டுவிடப் போவதாக அவர் அமைதியாகச் சொன்னார். அச்சில் ஒரு வரியும் வராத தாம் எழுத்தாளர் ஆவது எப்படி என்பது அவர் கேட்ட கேள்வி. அன்று எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. மறு வாரம் நான் அவருக்குச் சொன்னது மு.வ. அவர்களின் கதையையே ஆகும்.

பிறப்பும் இளமையும்

மு.வ. அவர்கள் 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், அந்நாளைய வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த திருப்பத்தூரில் பிறந்தார். தந்தையார் முனுசாமி முதலியார், தாயார் அம்மாக்கண்ணு. பெற்றோர் இட்ட பெயர் திருவேங்கடம். ஆயினும் பாட்டனாரின் பெயராகிய வரதராசன் என்பதே வழக்கில் நிலைத்துவிட்டது. வேலம், வாலாசா, திருப்பத்தூர் ஆகிய ஊர்களே அவர் படித்த ஊர்கள். இன்று வேலம் இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது; திருப்பத்தூர் தனி மாவட்டத்தின் தலைநகர். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பெற்றபோது, மு.வ. அவர்களின் இளமையும் இரண்டு மாவட்டங்களுக்குப் பங்காகிவிட்டது எனலாம்.

1928இல் பள்ளியிறுதித் தேர்வை முடித்தார். அக்காலத்தில் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை அடையக்கூடிய பெரும் பேறு அரசாங்க உத்தியோகம். பதினாறு வயதில் அவருக்கும் அது கிட்டியது. வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தர் ஆனார். ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. சில காலத்திலேயே நோயுற்று, பணியை விட்டு விலகி, ஓய்வுக்காகக் கிராமம் திரும்பினார். கிடைத்த உத்தியோகத்தை இழந்து வீட்டில் இருக்கும் இளைஞனை ஊர் எவ்வாறு பார்க்கும் என்பதை இப்பகுதியில் பிறந்தோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

அந்த ஓய்வே அவர் வாழ்வைத் திருப்பியது. திருப்பத்தூரில் முருகைய முதலியார் என்னும் தமிழறிஞரிடம் அவர் தமிழ் கற்றார். கல்லூரியின் நிழலிலே கற்றதன்று அவர் தமிழ். ஒரு சிற்றூர் ஆசிரியரும், இரவல் நூல்களும், விடாமுயற்சியுமே அவருக்கு வாய்த்த பல்கலைக்கழகம். 1931இல் வித்துவான் முதல்நிலைத் தேர்வில் தேறினார். 1935இல் வித்துவான் தேர்வைத் தாமே பயின்று எழுதி மாநிலத்தில் முதல்வராகத் தேறினார். திருப்பனந்தாள் மடம் அதற்கென வைத்திருந்த ஆயிரம் ரூபாய்ப் பரிசு அவருக்கு வந்தது. அந்நாளில் ஆயிரம் ரூபாய் என்பது ஓர் ஆசிரியர் பல ஆண்டுகள் சிக்கனமாக வாழ்ந்தாலும் சேர்க்க முடியாத தொகை.

அதே ஆண்டில் தம் மாமன் மகளாகிய இராதா அம்மையாரை மணந்தார். திருநாவுக்கரசு, நம்பி, பாரி என மூன்று ஆண்மக்கள் பிறந்தனர். திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகவும் அமர்ந்தார். எழுத்தராகத் தொடங்கிய ஊர்ப்புறத்திலேயே ஆசிரியராகத் திரும்பி வந்தார் என்பது கருதத்தக்கது.

சென்னை வாழ்க்கை

1939இல் பி.ஓ.எல். பட்டம் பெற்று, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார். 1944இல், தமிழ் வினைச்சொற்களை ஆராய்ந்து எம்.ஓ.எல். பட்டமும், 1948இல், சங்க இலக்கியத்தில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டமும் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக டாக்டர் பட்டம் பெற்ற முதல்வர் அவரே ஆவார். பச்சையப்பன் கல்லூரியில் துறைத் தலைவராக உயர்ந்தார். 1961 முதல் பத்தாண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்குத் தலைமை தாங்கினார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். 1972இல் அமெரிக்காவின் ஊஸ்டர் கல்லூரி அவருக்கு இலக்கியப் பேரறிஞர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. வட்டாட்சியர் அலுவலக எழுத்தர் ஒருவர் இவ்வளவும் அடைந்தது வியப்பே. ஆயினும் பதவிகளை வரிசையாக அடுக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் எழுதிய முறையே நாம் காண வேண்டுவது.

எழுதிய முறை

மு.வ. அவர்களின் முதல் நூல் ஆராய்ச்சி நூலன்று; குழந்தைகளுக்கான பாட்டு நூல். 1939இல் அது வெளிவந்தது. முதல் நாவலாகிய செந்தாமரை 1946இல் வந்தது. அதனை அவர் தாமே அச்சிட்டு வெளியிட்டார். இன்று நம் ஊர்களில் சொந்தக் காசு போட்டு நூல் அச்சிடுவோரை ஏளனமாகப் பார்க்கும் பழக்கம் ஒன்று உள்ளது. தமிழ்ப் பேராசிரியர் ஒருவரே தம் முதல் நாவலைத் தம் பொறுப்பில் அச்சுக்குக் கொடுத்தார் என்பதை அவர்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று. பின்னர்த் தாயக வெளியீடு என்னும் பெயரில் அவர் நூல்கள் தொடர்ந்து வந்தன. பாரி நிலையம் அவற்றை விற்றது.

கள்ளோ காவியமோ, பாவை, மலர்விழி, அல்லி, கரித்துண்டு, கயமை, நெஞ்சில் ஒரு முள், அகல் விளக்கு, மண்குடிசை, வாடா மலர் என நாவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பதினான்கு ஆண்டுகளில் பதின்மூன்று நாவல்கள். இவற்றுக்கிடையே கல்லூரிப் பணி, ஆராய்ச்சி, மொழியியல் நூல்கள், காந்தியடிகள், தாகூர், பெர்னார்ட் ஷா ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகள், சிறுகதைகள், நாடகங்கள். 1949இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் வெளியிட்ட அவருடைய திருக்குறள் தெளிவுரை, சட்டைப் பையில் அடங்கும் சிறு நூல். அது நூறு பதிப்புகளுக்கு மேல் கண்டது. பரிமேலழகரை எட்ட முடியாத மாணவனும் வணிகனும் குறளின் பொருளை அறிந்தது அச்சிறு நூலால் ஆகும். எங்கள் வீட்டில் உருதும் தமிழும் கலந்தே வழங்கும். என் தந்தையாரின் கடை மேசையில், கணக்குப் புத்தகத்தின் அருகே அந்நூல் இருந்ததை நான் சிறுவயதிற் கண்டிருக்கிறேன். வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில் நாளொரு குறளாகப் படித்தே அவர் தம் தமிழை வளர்த்துக்கொண்டார்.

மு.வ. அவர்களின் நடை எளிமையானது. சிறு சிறு தொடர்கள், தெளிந்த சொற்கள், அயற்சொல் கலவாத தமிழ். திரு.வி.க. அவர்களிடம் அவர் கொண்டிருந்த பேரன்பு அந்நடையிலும் கருத்திலும் தெரியும். படித்தவர்க்காக எழுதும் புலமையும், படிக்கத் தொடங்கியவர்க்காக எழுதும் பரிவும் ஒருவரிடத்தே அமைவது அரிது. அவரிடம் அமைந்தது.

கடிதம் என்னும் உறவு

எழுத்தாளர்க்கும் வாசகர்க்கும் இடையே அவர் கண்ட உறவை அறிய வேண்டுமாயின், அவருடைய கடித நூல்களைப் பார்த்தல் வேண்டும். 1948 முதல் 1950 வரையிலான காலத்தில் அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என நான்கு நூல்கள் கடித வடிவில் வந்தன. தம்பிக்கு என்னும் நூலில் வளவன் என்னும் அண்ணன் எழில் என்னும் தம்பிக்கு எழுதுகிறான். தமிழர் ஏன் தாழ்ந்தனர், தமிழ் எங்கெல்லாம் வழங்க வேண்டும், தனி மனிதன் எப்படி வாழ வேண்டும் என்பன போன்ற செய்திகளை மேடையில் முழங்காமல், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுவது போல் அவர் எழுதினார்.

இக்கடிதங்கள் அச்சான காலம் நாடு விடுதலை பெற்ற காலம். கிராமங்களிலிருந்து முதல் தலைமுறையாகப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வந்தவர்கள் அவற்றைப் படித்தனர். தமக்கென ஓர் அண்ணன் எழுதியதாகவே அவற்றைக் கொண்டனர். தம் பிள்ளைகளுக்கு எழில், வளவன் எனப் பெயரிட்டோரும் உண்டு. சிற்றூர்களில் படிப்பகம் வைத்தோர், கையெழுத்து ஏடு நடத்தியோர், மன்றம் அமைத்தோர் எனப் பலருக்கும் அவர் நூல்கள் கைவிளக்காயின. அவருடைய மாணவர்களாகிய ம.ரா.போ. குருசாமி, சி. பாலசுப்பிரமணியன், இரா. தண்டாயுதம் போன்றோர் பின்னர்த் தாமும் பேராசிரியர்களாகவும் நூலாசிரியர்களாகவும் விளங்கினர். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றப்பெறுவது போன்றது அது.

எழுதுவோர் தனித்து வாழ முடியாது என்பது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர்க்கு முதலில் வள்ளல் சீதக்காதியும் பின்னர் அபுல் காசிம் மரைக்காயரும் துணைநின்றனர். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் நடைபெறும் முசாயிரா அரங்குகளில், பகலெல்லாம் தோல் வணிகம் செய்தவர் இரவில் உருதுக் கவிதை படிப்பதை நாம் கண்டிருக்கிறோம். வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரித் தமிழ்த்துறையில் பல்லாண்டு பணியாற்றிய கவிக்கோ அப்துல் ரகுமான் அவர்கள், புதுக்கவிதைக்குப் பல இளைஞர்களை ஈர்த்ததும் இப்பகுதி அறிந்ததே. கேட்க ஒருவர் இருந்தால் பாட ஒருவர் பிறப்பார்.

அகல் விளக்கும் நம் ஊர்களும்

மு.வ. அவர்களின் நாவல்களுள் நமக்கு மிக நெருங்கியது அகல் விளக்கு. 1958இல் வெளிவந்த இந்நாவலுக்கு 1961இல் சாகித்திய அகாதெமியின் பரிசு கிடைத்தது. வேலய்யன், சந்திரன் என்னும் இரு நண்பர்களின் வரலாறு இது. பெருங்காஞ்சி என்னும் கிராமத்திலிருந்து படிப்பதற்காக வாலாசாவுக்கு வருகிறான் சந்திரன். அழகும் அறிவும் உடையவன். வேலய்யனோ எல்லாவற்றிலும் நடுத்தரமானவன். சென்னைக்குக் கல்லூரிப் படிப்பிற்குச் சென்ற சந்திரன் நெறி தவறுகிறான். ஊரை விட்டு ஓடுகிறான். நோய்க்கு இரையாகி அழிகிறான். வேலய்யன் மெல்ல மெல்ல, அடக்கமாக, குடும்பத்துக்கும் ஊருக்கும் பயன்பட்டு வாழ்கிறான். மின்னலாய் ஒளிர்ந்து அணைந்தவன் ஒருவன். அகல் விளக்காய் நின்று எரிந்தவன் மற்றொருவன்.

வாலாசாவின் தெருக்களும் பாலாறும் பெருங்காஞ்சியும் தேசிய அளவில் பரிசு பெற்ற ஒரு நாவலில் இடம்பெற்றுள்ளன என்பதை என் வகுப்பில் கூறும்போதெல்லாம் மாணவர்கள் வியக்கின்றனர். தாம் அன்றாடம் பேருந்தில் கடக்கும் ஊர் இலக்கியத்தில் உள்ளது என்பதை அவர்களால் எளிதில் நம்ப முடிவதில்லை. ஓர் ஊரைப் பிறந்தவர் ஒருவர் எழுதினாலன்றி அவ்வூர் இலக்கியத்தில் நுழைவதில்லை.

குறைகள் குறித்து

மு.வ. அவர்களின் நாவல்களைப் பற்றிய மறுப்புகளையும் மறைக்க வேண்டுவதில்லை. அவருடைய பாத்திரங்கள் வாழ்வதைவிட மிகுதியாகப் பேசுகின்றனர் என்றும், கதை நிற்க அறிவுரை ஓடுகிறது என்றும் திறனாய்வாளர் பலர் கூறினர். நல்லவர் நல்லவராகவும் தீயவர் தீயவராகவுமே இருப்பது கலையாகாது என்பதும் அவர்தம் கருத்து. வகுப்பில் பலமுறை பாடம் நடத்தியவன் என்ற முறையில், இம்மறுப்பில் உண்மை உண்டு என்றே நானும் கருதுகிறேன். இன்றைய மாணவர் சிலர் அகல் விளக்கின் நெடிய உரையாடல்களைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

ஆயினும் யாருக்காக அவர் எழுதினார் என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். வீட்டில் வழிகாட்டப் படித்த தந்தை இல்லாத, நகரத்தின் கவர்ச்சியில் தடுமாறி நின்ற இளைஞர்க்காக அவர் எழுதினார். அவர்கள் அந்நூல்களைக் கலைப்படைப்பாக மட்டும் கருதாமல் துணையாகக் கொண்டனர். அந்தத் துணையால் நின்று நிலைத்தவர் பலர் எங்கள் தந்தையார் தலைமுறையில் இருந்தனர். கலையை அளக்கும் கோலும் பயனை அளக்கும் கோலும் வேறு வேறு. மு.வ. அவர்களை இரண்டாலும் அளந்து பார்ப்பதே நேர்மை.

மறைவு

எளிய உணவு, எளிய உடை, நேரம் தவறாமை, இயற்கை மருத்துவத்தில் பற்று ஆகியன அவர்தம் வாழ்க்கை முறை. துணைவேந்தர் பதவியிலும் அது மாறவில்லை. சாகித்திய அகாதெமிக்காக அவர் எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு 1972இல் வெளிவந்தது. இன்றும் அது தமிழ் மாணவர்க்குக் கைந்நூல். மதுரைப் பணியில் இருந்தபோதே, 1974ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், தம் அறுபத்திரண்டாம் வயதில் அவர் சென்னையில் காலமானார். அவர் விட்டுச் சென்ற நூல்கள் எண்பதுக்கும் மேற்பட்டவை.

முடிவுரை

இவ்வரலாற்றைக் கேட்ட பின் எங்கள் முதியவர் ஒரு கேள்வி எழுப்பினார். மு.வ. முதல்வராகத் தேறியவர், பேராசிரியர், துணைவேந்தர். தமக்கும் அவர்க்கும் என்ன ஒப்புமை என்றார். கேள்வி நியாயமானதே. உள்ளூரில் எழுதுவோர் அனைவரும் மு.வ. ஆகிவிடுவர் என்று நான் அவர்க்குச் சொன்னால் அது பொய்யாகும். பெரும்பாலோர் ஆகமாட்டார்கள். எம்.ஃபில். பட்டத்துடன் நின்றுவிட்ட நானும், இருபது வயதில் எழுதிய கவிதை நோட்டைப் பதிப்பகம் ஒன்று திருப்பி அனுப்பிய நாள்முதல் வெளியில் காட்டியவனல்லன். ஆகவே அவர் மனத்தை என்னால் உணர முடிந்தது.

நான் அவரிடம் குறிப்பேடுகளை ஒரு வாரம் கேட்டு வாங்கினேன். நாற்பதுக்கு மேல் இருந்தன. கதைகளுள் சில நன்று, பல சுமார். ஆனால் வேறு எங்கும் கிடைக்காத செய்திகள் அவற்றுள் இருந்தன. சுண்ணாம்புக் குழியில் இறங்குவோரின் கால்கள் எவ்வாறு புண்ணாகும், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்திற்கும் குரோமிய உப்பு வந்த காலத்திற்கும் தோலின் மணம் எவ்வாறு மாறியது, கூலி நாளில் தொழிற்சாலை வாயிலில் கடன்காரர்கள் எவ்வாறு காத்திருப்பர் என்பனவெல்லாம் ஒரு கணக்கரின் துல்லியத்தோடு எழுதப்பட்டிருந்தன. திண்டுக்கல் தோல் தொழிலாளரின் வாழ்வை டி. செல்வராஜ் அவர்கள் தோல் என்னும் நாவலாக எழுதினார்; 2012இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். நம் பாலாற்றங்கரைத் தொழிலாளரின் வாழ்வை அவ்வாறு எழுதப் போகிறவர் நாளை நம் கல்லூரியில் படிக்கலாம். அவருக்கு இக்குறிப்பேடுகள் வேண்டும். பழைய தாள் கடையில் அவற்றின் விலை எடைக்கு எடை. எழுதப் போகிறவனுக்கு அவை வாழ்நாள் முதலீடு.

அம்முதியவர் குறிப்பேடுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கடைக்குப் போடவில்லை. இரண்டு திங்கள் கழித்து, ஒரு ஞாயிறு மாலையில், புதிதாக எழுதிய மூன்று பக்கங்களைப் படித்தார்.

மாணவச் செல்வங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. இவ்விடுமுறையில் அகல் விளக்கை ஒருமுறை படியுங்கள். பின்னர் உங்கள் தெருவில் எழுதும் பழக்கமுள்ள பெரியவர் எவரேனும் இருக்கின்றாரா என விசாரியுங்கள். இருப்பார். அவர் வீட்டிற்குச் சென்று, எழுதியதைப் படித்துக் காட்டுமாறு கேளுங்கள். திருப்பத்தூரில் நோயுற்ற இளைஞன் ஒருவனுக்கு முருகைய முதலியார் ஒதுக்கிய நேரமே பின்னாளில் தமிழுக்கு எண்பது நூல்களாயிற்று. நீங்கள் ஒதுக்கும் ஒரு மாலைப் பொழுது எதுவாகும் என்பதை இன்று எவரும் அறியோம். ஒதுக்குங்கள்.